விமானம் எவ்வளவு எடையோடு ஏறலாம், எவ்வளவு எடையோடு இறங்கலாம்? லோட் கன்ட்ரோலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

விமானத்தில் எவ்வளவு ஏற்றலாம், எங்கே ஏற்றலாம் என்று கணக்குப் போடும் வேலைதான் லோட் கன்ட்ரோல். அந்தப் பயிற்சிக்கு வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "இந்த விமானம் மொத்தம் எவ்வளவு எடை தாங்கும்?" இதற்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. ஒரு விமானத்துக்குப் பல எடை வரம்புகள் இருக்கின்றன. ஒன்று இறக்கையைக் காப்பாற்ற, ஒன்று சக்கரங்களைத் தாங்கும் லேண்டிங் கியரைக் காப்பாற்ற, இன்னொன்று எஞ்சின் ஒன்று நின்றுபோனாலும் ஓடுபாதைக்குள் சமாளிக்க. அன்றைய பயணத்தில் இவற்றில் எது முதலில் முட்டுகிறதோ அதுதான் அன்றைக்கு உங்கள் வரம்பு. எது முட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

கணக்கு கூட்டல் கழித்தலைத் தாண்டாது. ஆனால் ஒவ்வொரு எண்ணும் எதற்காக வந்தது என்று தெரியாமல் போட்டால், தப்பு நடக்கும்போது கண்ணில் படாது. அதனால் காரணத்தோடு சேர்த்தே சொல்கிறேன். டிஸ்பாட்ச் (பயணத்தையும் எரிபொருளையும் திட்டமிடும் பிரிவு) தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதல் படி: எந்த விமானம் என்று உறுதி செய்யுங்கள்

"ஏ320 நியோ" என்று மாடல் பெயர் தெரிந்தால் போதாது. ஒரே மாடல் வேறு வேறு எடை வரம்புகளோடு சான்று பெற்றிருக்கும். ஏ320 நியோவின் அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 79 டன் வரை போகும். ஆனால் விமான நிலையங்கள் லேண்டிங் கட்டணத்தைப் பெரும்பாலும் இந்த எடையை வைத்துத்தான் வசூலிக்கின்றன. குறுகிய தூரம் மட்டும் ஓட்டுகிற நிறுவனம், தேவையில்லாத டன்னுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று குறைந்த எண்ணில் சான்று வாங்கிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து நிறுத்துமிடத்தில் நிற்கிற இரண்டு விமானங்கள் பார்க்க ஒன்றாகவே இருக்கும், காகிதத்தில் சில டன் வித்தியாசம் இருக்கும். காகிதத்தில் உள்ள எண்தான் செல்லும். எனவே வாலில் உள்ள பதிவு எண்ணைப் பார்த்து அந்த விமானத்துக்கான தாளை எடுங்கள். கடைசி நேரத்தில் விமானம் மாறினால் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

அந்தத் தாளில் முதலில் தேட வேண்டியது டிரை ஆப்பரேட்டிங் வெயிட். வெறும் விமானம், அதோடு விமானிகள், கேபின் பணியாளர்கள், சாப்பாட்டு டிராலிகள், தண்ணீர் எல்லாம் சேர்ந்த எடை இது. பயணிகளும் சரக்கும் எரிபொருளும் இதில் சேராது. பணியாளர் எண்ணிக்கையோ கேட்டரிங்கோ மாறினால் இந்த எண்ணும் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: எரிபொருள் இல்லாத எடை

டிரை ஆப்பரேட்டிங் வெயிட்டோடு பயணிகள், பைகள், சரக்கு மூன்றையும் கூட்டினால் வருவது ஜீரோ ஃபியூல் எடை. ஏ320 நியோவில் இதன் உச்சவரம்பு 64.3 டன்.

புதியவர்களுக்கு இந்த வரம்புதான் விசித்திரமாகத் தெரியும். மொத்தம் 79 டன் தூக்குகிற விமானம், எரிபொருள் இல்லாமல் 70 டன் இருந்தால் என்ன கெட்டுவிடும்? பதில் இறக்கையின் வேரில் இருக்கிறது. பறக்கும்போது இறக்கைகள் மேலே தூக்குகின்றன, நடுவில் உடல் கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து இறக்கையை அது உடலோடு சேரும் இடத்தில் மேல்நோக்கி வளைக்கப் பார்க்கின்றன. இறக்கைக்குள் எரிபொருள் இருந்தால் அதன் எடை இறக்கையைக் கீழே அழுத்தி அந்த வளைவைக் குறைக்கும். அதாவது இறக்கையில் உள்ள எரிபொருள் அந்த இணைப்புக்கு உதவி, உடலில் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் அதற்குப் பாரம். எரிபொருள் தீரத் தீர உதவி குறைந்துகொண்டே போகும். முழுக்கத் தீர்ந்தாலும் இணைப்பு தாங்க வேண்டும் என்பதால்தான் உடலில் ஏற்றும் எடைக்குத் தனி வரம்பு. நடு டேங்க் உள்ள விமானங்களில் பொதுவாக இறக்கை டேங்குகளை முதலில் நிரப்பி, பறக்கும்போது நடு டேங்கை முதலில் காலி செய்வதும் இதே காரணத்தால்தான்.

பயணிகளை யாரும் தராசில் ஏற்றுவதில்லை. சராசரி எடை வைத்துத்தான் கணக்கு. ஐரோப்பிய விதிகளில் 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள விமானங்களுக்கு, கைப்பையோடு சேர்த்து, பெரியவர் ஒருவருக்கு 84 கிலோ. குழந்தைக்கு 35. ஒவ்வொரு நாடும் தன் எண்ணை வைத்திருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் கையேட்டில் இருப்பதையே எடுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். அதே சமயம் அது சராசரிதான் என்பதும் நினைவில் இருக்கட்டும். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் ஒரு பீச் 1900டி விமானம் கிளம்பியவுடன் விழுந்து 21 பேரும் இறந்தார்கள். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரின் கேபிளைப் பராமரிப்பில் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அதோடு பழைய சராசரி எடைகள் உண்மையை விடக் குறைவாக இருந்ததால் விமானம் காகிதத்தில் இருந்ததை விடக் கனமாகவும் வால் பக்கம் பாரமாகவும் இருந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கா தன் சராசரி எண்களை உயர்த்தியது. விளையாட்டு அணி, ராணுவக் குழு என்று ஒரே மாதிரி ஆட்கள் மொத்தமாக ஏறினால் மேலதிகாரியிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்ட குழுக்களுக்கு வேறு எண் எடுக்கும் நடைமுறை இருக்கும்.

மூன்றாம் படி: இன்றைய ஓடுபாதை எவ்வளவு அனுமதிக்கிறது

79 டன் என்பது விமானத்தின் கட்டமைப்பு தாங்கும் எடை. அந்த எடையோடு இந்த ஊரில் இந்த மணிக்குக் கிளம்ப முடியுமா என்பது வேறு கேள்வி. இதற்கு விமானத்தின் செயல்திறன் கணக்கு பதில் சொல்லும். அதில் வருகிற எண்ணை ரெகுலேட்டட் டேக்-ஆஃப் வெயிட் என்பார்கள்.

இந்தக் கணக்கு எப்போதும் கெட்ட நேரத்தை எண்ணியே போடப்படும். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது ஒரு எஞ்சின் நின்றுவிட்டால்? வி1 என்ற வேகத்துக்கு முன்னால் என்றால் பிரேக் போட்டு மிச்சப் பாதைக்குள் நிற்க வேண்டும். தாண்டிவிட்டால் மிச்ச எஞ்சினோடு மேலே ஏற வேண்டும். ஏறினால் மட்டும் போதாது. சக்கரத்தை உள்ளே இழுத்த பிறகு, இரண்டு எஞ்சின் விமானம் ஒரே எஞ்சினில் குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏற வேண்டும், அதாவது 1,000 மீட்டர் போவதற்குள் 24 மீட்டர் உயரம். எடை கூடினால் இவை எல்லாமே கெடும்.

இதைத் தீர்மானிப்பவற்றில் மூன்று உங்கள் கண்முன்னே இருக்கும்.

ஓடுபாதை நீளம். சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர். ஏ320-க்கு அது தாராளம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் விமானம் இறங்குகிற பலாலியில் ஏறத்தாழ 1,400 மீட்டர்தான். அந்த ரூட்டில் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானம் ஓடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வெப்பம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்குவிசை கிடைக்க அதிக வேகம் வேண்டும், அந்த வேகத்தை எடுக்க நீளமான ஓட்டம் வேண்டும். அதோடு, பல எஞ்சின்கள் கடல்மட்டத்தில் சுமார் 30 டிகிரி வரைதான் முழு உந்துவிசை தரும். அதற்கு மேல் போனால் விசை குறைய ஆரம்பிக்கும். மே மாதம் மதியம் 2 மணிக்கும் இரவு 2 மணிக்கும் ஒரே விமானத்துக்கு வேறு வேறு எண் வருவது இதனால்தான். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் 48 டிகிரியைத் தாண்டியபோது, சிறிய சிஆர்ஜே விமானங்களின் பல பயணங்களை ரத்தே செய்தார்கள். அந்த விமானத்தின் வெப்ப வரம்பே அதுதான்.

உயரம். லே விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சுற்றிலும் மலை வேறு. அங்கிருந்து கிளம்பும் விமானத்தில் எடையைக் குறைத்தே ஆக வேண்டும். வெயிலும் காற்றும் ஏறுவதற்குள், காலையிலேயே பெரும்பாலான பயணங்களை முடிக்கப் பார்ப்பார்கள்.

ஈரமான ஓடுபாதை, பின்காற்று, பழுதான பிரேக் என்று இன்னும் பல உண்டு. அவற்றை மென்பொருள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் அதற்குச் சரியான தகவலைக் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: இறங்கும்போது

ஏ320 நியோவின் அதிகபட்ச லேண்டிங் எடை 67.4 டன். ஏறும் எடையை விட 11 டன்னுக்கு மேல் குறைவு. ஏறும்போது சக்கரங்கள் தரையிலிருந்து விடுபடுகின்றன, இறங்கும்போது தரையில் மோதுகின்றன. அதிகபட்ச லேண்டிங் எடையில், நொடிக்கு 10 அடி வேகத்தில் கீழே வந்து தரையைத் தொட்டாலும் லேண்டிங் கியர் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு விதி. நல்ல லேண்டிங் ஒன்றில் இது நொடிக்கு இரண்டு மூன்று அடிதான் இருக்கும். விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது: அதிகபட்ச டேக்-ஆஃப் எடையோடேயே இறங்க நேர்ந்தால் நொடிக்கு 6 அடி வரை தாங்க வேண்டும். அதனால் கிளம்பியவுடன் திரும்பி வர நேர்ந்தாலும் மென்மையாக இறக்கினால் விமானம் உடைந்துவிடாது. இறங்கிய பிறகு பொறியாளர்கள் ஆய்வு செய்துதான் மறுபடி பறக்க விடுவார்கள்.

இதோடு இறங்கும் தூரமும் பார்க்க வேண்டும். காய்ந்த ஓடுபாதையில், 50 அடி உயரத்திலிருந்து நிற்கும்வரை ஆகும் தூரம், இருக்கிற ஓடுபாதையில் 60 சதவீதத்துக்குள் முடிய வேண்டும் என்று திட்டமிடுவார்கள். ஈரமாக இருந்தால் தேவைப்படும் நீளத்தை இன்னும் 15 சதவீதம் கூட்டுவார்கள். இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே போக (கோ-அரவுண்ட்) நேர்ந்தால் ஒரு எஞ்சினோடு ஏற முடிகிறதா என்பதும் உண்டு.

ஏறும் எடைக்கும் இறங்கும் எடைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே அந்த விமானம் என்ன வேலைக்குச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஏடிஆர் 72-600-க்கு 23 டன்னும் 22.35 டன்னும். வெறும் 650 கிலோ வித்தியாசம். குட்டிக் குட்டிப் பயணம் போய் உடனே இறங்குவதற்காகவே செய்தது அது. போயிங் 777-300இஆருக்கு 351.5 டன்னும் 251.3 டன்னும். பாதி உலகத்தைக் கடந்து 100 டன் எரிபொருளை எரித்த பிறகுதான் இறங்கப்போகிறோம் என்ற நம்பிக்கையில் செய்தது.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-இல் ஹைட்ராலிக் கோளாறு. சுமார் இரண்டரை மணி நேரம் வானத்திலேயே வட்டமடித்துவிட்டுத் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. "எரிபொருளைக் கொட்டிவிட்டு இறங்கினால் என்ன?" என்று அன்று பலர் கேட்டார்கள். 737, ஏ320 மாதிரி விமானங்களில் எரிபொருளைக் கொட்டும் வசதியே கிடையாது. முழு எடையோடு கிளம்பி உடனே திரும்பினாலும் கோ-அரவுண்டுக்கு வேண்டிய ஏற்றத்திறன் இருப்பதாக நிரூபித்துவிட்டால் அந்த வசதி கட்டாயமில்லை என்பது விதி. 777, 747 போன்ற பெரிய விமானங்களில் அது உண்டு. இல்லாதவற்றில் சுற்றிச் சுற்றி எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும்.

காத்திருக்க முடியாத ஆபத்து என்றால் கூடுதல் எடையோடேயே இறங்குவார்கள். அந்த முடிவு கேப்டனுடையது. 2010 நவம்பர் 4 அன்று குவாண்டாஸ் ஏ380 ஒன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பி எஞ்சின் வெடித்தபோது, எரிபொருள் கொட்டும் வசதியும் வேலை செய்யவில்லை. வரம்பை விடச் சுமார் 50 டன் அதிகமாக, சாங்கியின் 4,000 மீட்டர் ஓடுபாதையில் இறங்கி, முடிவுக்குச் சுமார் 150 மீட்டர் முன்னால் நின்றது. யாருக்கும் காயமில்லை.

இதெல்லாம் அவசரநிலைக்கு. திட்டமிடும்போதே லேண்டிங் எடை வரம்பைத் தாண்டுகிற லோட்ஷீட்டை (இந்த எடைக் கணக்கு முழுவதும் இருக்கும் தாள்) ஒருபோதும் போடக்கூடாது.

ஐந்தாம் படி: மூன்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருங்கள்

சரி, இப்போது கணக்கு. சென்னையிலிருந்து துபாய், 186 இருக்கை ஏ320 நியோ. டிரை ஆப்பரேட்டிங் வெயிட் 44,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டேக்-ஆஃபின்போது எரிபொருள் 12,000 கிலோ, அதில் வழியில் எரிவது 9,000 கிலோ.

மூன்று வரம்புகளையும் டேக்-ஆஃப் எடையாக மாற்றி எழுதுங்கள்:

ஜீரோ ஃபியூல் வரம்பு + டேக்-ஆஃப் எரிபொருள் = 64,300 + 12,000 = 76,300
டேக்-ஆஃப் வரம்பு = 79,000
லேண்டிங் வரம்பு + வழியில் எரிவது = 67,400 + 9,000 = 76,400

மூன்றில் சிறியது 76,300. அதுதான் இன்றைய அனுமதி எடை. அதிலிருந்து 44,500-ஐயும் 12,000-ஐயும் கழித்தால் 19,800 கிலோ ஏற்றலாம். விமானம் நிரம்பினால் பயணிகள் 186 × 84 = 15,624. பை ஆளுக்கு 15 கிலோ என்றால் 2,790. ஆக 18,414. மிச்சம் 1,386 கிலோ சரக்கு போடலாம்.

முதல் வரிக்கும் மூன்றாவது வரிக்கும் 100 கிலோதான் வித்தியாசம், கவனியுங்கள். துபாயில் மூடுபனி, கூடுதலாக 1,000 கிலோ எரிபொருள் வேண்டும் என்று கேப்டன் கேட்கிறார். முதல் வரி 77,300 ஆகிவிடும். மூன்றாவது வரி 76,400-லேயே நிற்கும், ஏனென்றால் அந்த 1,000 கிலோ எரியாமல் கூடவே இறங்கப்போகிறது. இப்போது வரம்பு லேண்டிங். ஏற்றக்கூடியது 76,400 − 44,500 − 13,000 = 18,900. ஒரே கோரிக்கையில் 900 கிலோ சரக்குக்கான இடம் போய்விட்டது. மே மாத மதியம், ஓடுபாதைக் கணக்கு 75,500 தான் என்று வந்தால் நடுவரி முட்டும். இப்படி வரம்பு ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவுவதைப் பிடிக்கப் பழகுங்கள்.

குறும்பயணத்தில் இது இன்னும் கடுமை. இந்தியாவில் விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி வேறு. விலை குறைந்த ஊரிலேயே திரும்பி வரவும் சேர்த்து நிரப்பிக்கொள்வது வழக்கம், டேங்கரிங் என்பார்கள். ஒரு மணி நேரப் பயணம், வழியில் எரிவது 2,000, டேங்கரிங்கோடு எரிபொருள் 9,000 என்று போடுங்கள். லேண்டிங் வரி 69,400. ஏற்றக்கூடியது 15,900 மட்டுமே. விமானம் நிரம்பியிருந்தால் 2,514 கிலோ அதிகம், அதாவது 26 பேரைப் பையோடு இறக்க வேண்டும். எரிபொருளில் மிச்சம் பிடிக்கப் பயணிகளை இறக்கும் நிலைக்கு வரவே கூடாது. டேங்கரிங்கைக் குறைக்கச் சொல்லி டிஸ்பாட்சிடம் முன்கூட்டியே பேசுங்கள். எரிபொருள் லாரி (பவுசர்) வந்து நிரப்பிய பிறகு எரிபொருளை வெளியே எடுப்பது பெரும்பாடு.

எடை குறைக்க வேண்டியிருந்தால் பொதுவாக முதலில் சரக்கு, அப்புறம் பைகள், கடைசியாகத்தான் பயணிகள். வரிசையை உங்கள் நிறுவனம் எழுதி வைத்திருக்கும்.

ஆறாம் படி: எங்கே வைத்தீர்கள்

மொத்த எடை சரியாக இருந்தாலும் எல்லாவற்றையும் பின்பக்க ஹோல்டில் (சரக்கு அறையில்) அடைத்தால் விமானம் பறக்கவே ஆபத்தானதாகிவிடும். ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லைக்குள் இருக்க வேண்டும், ஜீரோ ஃபியூல் நிலையிலும் டேக்-ஆஃப் நிலையிலும் லேண்டிங் நிலையிலும். டிரிம் என்கிற இந்தச் சமநிலைக் கணக்கு பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இப்போதைக்கு இது போதும்: லோடர் கையில் இருக்கிற தாளில் எந்த ஹோல்டு என்று இருக்கிறதோ அதில்தான் ஏற்றினாரா என்று கேட்டு உறுதி செய்யாமல் லோட்ஷீட்டை முடிக்காதீர்கள்.

ஏழாம் படி: சரிபார்ப்பது

எல்லாப் படிகளிலும் எனக்கு மிக முக்கியமாகப்படுவது இதுதான். எடைக் கணக்கில் பெரிய விபத்துகள் கணக்குத் தெரியாமல் நடந்தவை அல்ல. ஒரு எண் தப்பாக ஏறியது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

2009 மார்ச் 20, மெல்போர்ன். துபாய் போகும் எமிரேட்ஸ் ஏ340-500. உண்மையான எடை 362.9 டன். மடிக்கணினியில் ஏறியது 262.9. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, அவ்வளவுதான். 100 டன் குறைவான விமானத்துக்குப் போதுமான வேகத்தையும் குறைந்த உந்துவிசையையும் கணினி கொடுத்தது. வால் தரையில் உரச, ஓடுபாதை தீர்ந்த பிறகுதான் விமானம் மேலே எழுந்தது. 275 பேரும் பிழைத்தார்கள். 2004 அக்டோபர் 14 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எம்கே ஏர்லைன்ஸின் 747 சரக்கு விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முந்தைய பயணத்தின் எடையை வைத்தே டேக்-ஆஃப் கணக்கு போடப்பட்டிருந்தது. ஏழு பேரும் இறந்தார்கள்.

அலகிலும் கவனம் வேண்டும். எரிபொருளை லிட்டரில் நிரப்புவார்கள், நாம் கிலோவில் எழுதுவோம். ஒரு லிட்டர் சுமார் 0.8 கிலோ. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 767 ஒன்றுக்கு, லிட்டருக்கு 0.8 கிலோ என்று போட வேண்டிய இடத்தில் 1.77 என்ற பவுண்டு எண்ணைப் போட்டார்கள். வேண்டியதில் பாதி எரிபொருளோடு கிளம்பி நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் மிதந்து வந்து இறங்கியது.

அதனால் லோட்ஷீட் கணினியில் வந்தவுடன் அனுப்பாதீர்கள். காகிதத்தில் தோராயமாக ஒரு முறை போடுங்கள்: விமானம் 44, ஆட்களும் பைகளும் 18, சரக்கு 1, எரிபொருள் 12, ஆக 75 டன் வாக்கில் வர வேண்டும். கணினி 65 என்று காட்டினால் நிறுத்துங்கள், அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும். எண்ணை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள், எதிரில் இருப்பவர் தன் தாளைப் பார்த்துச் சரி சொல்லட்டும். உங்கள் தாளையே அவரிடம் நீட்டிச் சரியா என்று கேட்காதீர்கள், கண் பழகிய தப்பைப் பார்க்காது.

கதவு மூடும் நேரத்தில் இரண்டு பயணிகள் ஓடி வருவார்கள், அல்லது வராத ஒருவரின் பையை இறக்குவார்கள். இதைக் கடைசி நிமிட மாற்றம் என்று லோட்ஷீட்டின் கீழே எழுதிக்கொள்ள அனுமதி உண்டு, நிறுவனம் சொன்ன அளவு வரைக்கும். எழுதுவதற்கு முன், இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்று காட்டும் அண்டர்லோடு கட்டத்தைப் பாருங்கள். அதில் பூஜ்யம் இருந்தால் ஒரு ஆளைக்கூடச் சேர்க்க முடியாது. அளவைத் தாண்டினால் புதிய லோட்ஷீட் போட்டு அனுப்பி, கேப்டனிடம் இருப்பது எத்தனையாவது பதிப்பு என்று ரேடியோவில் கேட்டு, அதே எண் உங்கள் திரையிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு விமானத்தை விடுங்கள்.